செக்கிங்கக்கா இடப்பக்கம் திரும்பினார்

என் கல்யாண ஆல்பத்தை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல "ஜோடிப் பொருத்தம் அருமை" என்றுதான் சொன்னார்கள். செக்கிங்கக்கா மட்டும் ஆல்பத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பக்கம் பக்கமாகப் பார்த்து முடித்துவிட்டு, "தாலி கட்டற போட்டோல மாப்ள சட்டைக்கு மூணாவது பட்டன் போடலை கண்ணு" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். உண்மைதான். அத்தனை வருஷமாக அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்கள் கண்ணில் படவில்லை. அன்று முதல் அந்தப் படத்தில் எங்களுக்குத் தாலி தெரிவதில்லை, பட்டன்தான் தெரிகிறது. அக்கா காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்த்து, "ஒரு சுத்து வெளக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் வீட்டுக்காரர் அன்று முழுக்கப் புலம்பினார்.

ஊரில் அவருக்குப் பெயரே செக்கிங்கக்காதான். ரேஷன் கார்டில் வேறு ஒரு பெயர் இருக்கும், அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றார். தைத்து முடித்த பனியனை விரித்து, உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது கையிலிருந்த ஸ்டிக்கரை வைத்துவிட்டு வந்தார், கண்ணை வைத்துவிட்டு வரத் தெரியவில்லை.

கோயிலுக்குப் போனால் அம்மனின் பொட்டு இடதுபக்கம் நகர்ந்திருப்பது தெரியும். பந்தியில் உட்கார்ந்தால் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடியிருப்பது தெரியும். புடவை எடுக்க, மாடு பிடிக்க, கட்டிய வீட்டில் தரை மட்டம் பார்க்க என்று ஊரே அவரைக் கூப்பிடும். பெண் பார்க்க மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் நடந்திருக்காது.

நன்றாக இருக்கிறது என்ற சொல் அவர் வாயில் வராது. குற்றம் எதுவும் இல்லையென்றால் "பாஸ்" என்பார். அதோடு சரி.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு கணவரோடு பிழைக்க வந்து, குன்னத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஊர்க்கடைசியில் இருக்கும் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அக்கா அந்த ஊர்க்காரர், பரம்பரையாக அங்கேயே இருப்பவர். நான் அவருடைய கம்பெனியில்தான் ஓவர்லாக் டைலர். காலையில் ஒரே வேனில் போய் இரவு ஒரே வேனில் வருவோம்.

சேர்ந்த புதிதில் நான் தைத்த பனியன்கள் அடுக்கடுக்காகச் சிவப்பு அம்போடு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் செக்கிங் மேசைக்கு வந்து, "எந்த டைலர் தெச்சது இது?" என்று கத்தினார். நான் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது எனக்கெதுக்குங்? ஸ்டிக்கர் பீஸுக்குத்தானுங், ஆளுக்கில்லீங்" என்றார்.

அவருக்கு நன்றாகவே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "கண்ணு, தோள்பட்டைல தையல் எறங்குது. ஊசி மொட்டையாயிருக்கும், மாத்திப்போடு" என்றார். ஊசியைக் கழற்றிப் பார்த்தேன், மொட்டைதான். அன்றிலிருந்து அவர் என்ன குற்றம் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அதாவது, வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

நாங்கள் குடியிருக்கும் ஊரில் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலை விழா நடக்கும். பெரியவர்கள் அதைக் கலை நோம்பி என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் மேளம் அடிப்பார்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வடக்கத்திப் பையன்கள் டோலக் தட்டி அவர்கள் ஊர்ப் பாட்டைப் பாடுவார்கள், ஒரு வார்த்தை புரியாமல் எல்லோரும் கை தட்டுவோம். யாருக்கும் தடையில்லை. ஆனால் கடைசியில் வரும் வள்ளி கும்மி மட்டும் ஊர்ப் பெண்களுடையது. அதுதான் விழாவின் உயிர். நாங்கள், லைன் வீட்டுப் பெண்கள், வருஷா வருஷம் விழா வரி கொடுப்போம், மைதானத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். ஆட வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

ஒரு நாள் வேனில் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸில் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பினார். ஏதோ குற்றம் வரப்போகிறது என்று கையை எடுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்தீட்ட? தாளம் பாஸ்" என்றார். "ஞாயித்துக்கெழமை களத்துக்கு வா. கும்மிக்கு ஆள் பத்தலைன்னு வாத்தியாரு சொல்றாரு. உன்னையாட்ட தாளந் தெரிஞ்சவிய இருந்தா கூட்டியா."

பக்கத்து வீட்டு மாரியம்மாளையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு போனேன். பழக்கம் நடந்தது சரோஜாக்காவின் களத்தில். தோட்டம், கிணறு, தென்னை என்று வசதியான வீடு. கும்மிக்குழுவுக்கு அவர்தான் தலைவி மாதிரி. மோசமானவர் இல்லை. எங்களைப் பார்த்ததும் மோர் கொடுத்தார். மோர் கொடுத்துவிட்டு, "உக்காந்து பாருங்க அம்மிணி. இது சின்னதுலருந்து பழகோணும், உங்களுக்குச் செரமம்" என்றார்.

"இவிய தாளம் நேராருக்குதுங். நா பாத்துட்டேன்" என்றார் செக்கிங்கக்கா. அவர் பார்த்துவிட்டேன் என்று சொன்னதற்கு மேல் ஊரில் யாரும் பேசுவதில்லை. எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அக்கா ஆடவில்லை. களத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு, வாரா வாரம் எங்களைச் செக்கிங் செய்தார். "அஞ்சாவதா நிக்கற அம்மிணி, கை இன்னும் ஒசரோணும்." "கண்ணு, ரெண்டாந்தட்டு முந்துது." "வாத்தியாரே, மூச்சு வாங்குதுங் உங்களுக்கு, பாட்டு இழுக்குது." பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மைக்கைப் பிடித்தபடி முருகனே என்று வானத்தைப் பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சரோஜாக்கா, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா. நீங்க ஒருக்கா வந்து ஆடிக் காட்டுங்களேனுங்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "எனக்குக் கண்ணுதானுங் இருக்குது, காலு இல்லீங்" என்றார் அக்கா, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

விழாவுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி சேலை. ஊர்ப் பெண்கள் முன்னமே ஈரோட்டில் மஞ்சள் சேலை எடுத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் பின்னால் சேர்ந்ததால் எங்களுக்குத் தனியாக ஆள் அனுப்பி, அதே கடையில், அதே டிசைன் நம்பரில் எடுத்து வந்தார்கள். கோயில் மண்டபத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒன்றுபோலத்தான் இருந்தன. அன்றைக்கு அக்கா இல்லை. ஷிப்மென்ட் அவசரம், ஓவர்டைமுக்குப் போயிருந்தார். மாரியம்மாள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "பெருமாளு பொண்டாட்டி மாரியம்மா வட்டத்துல நின்னு ஆடுனான்னு எங்க ஊருக்கு வீடியோ அனுப்பணும்ல" என்றாள். எனக்கும் அதே ஆசைதான். இத்தனை வருஷம் பாயில் உட்கார்ந்து பார்த்த வட்டத்துக்குள் நிற்கப்போகிறோம் என்று அன்றிரவே சேலையைக் கட்டிப் பார்த்தேன்.

விழா அன்றும் கம்பெனியில் பாதி நாள் ஓவர்டைம் இருந்தது. நாங்கள் லீவு சொல்லிவிட்டோம், அக்கா போயிருந்தார். மதிய வெயில் சாய்கிற நேரத்தில் மைதானத்தில் போட்டோவுக்காக வரிசையாக நின்றோம். ஊர்ப் பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், பேசிப் பழகியவர்களோடு தானாகச் சேர்ந்து நின்றோம். அப்போதுதான் கம்பெனி வேன் ரோட்டில் வந்து நின்றது. அக்கா இறங்கினார். நெற்றியில் கை வைத்து எங்களைப் பார்த்தார். ரோட்டிலிருந்தே சத்தம் போட்டார்.

"ஏனுங், ரெண்டு லாட்டுங்!"

வேறு ஊராக இருந்தால் அது யாருக்கும் புரிந்திருக்காது. பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிற எங்கள் ஊரில் சோளப்பொரி விற்கிறவருக்குக்கூடப் புரியும். ஒரு தடவை சாயம் போட்டு எடுப்பது ஒரு லாட். ஒரே நிறச் சாயத்தை இரண்டு தடவையாகப் போட்டால் இரண்டும் ஒன்றுபோல வராது, இருட்டில் தெரியாமல் வெயிலில் தெரியும். மைதானம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊர்ப் பெண்கள் எலுமிச்சை மஞ்சள். நாங்கள் அரைத்த மஞ்சள். யார் ஊர்க்காரர், யார் பிழைக்க வந்தவர் என்று கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இந்த மனுஷி ஒரு நாளைக்காவது கண்ணை மூடிக்கொண்டு வரக்கூடாதா என்று இருந்தது.

சரோஜாக்காதான் முதலில் பேசினார். "ஒண்ணும் மோசமில்லீங். வெளி வட்டத்துல நாங்க நின்னுக்கறோம், லைன் ஊட்டுக்காரவிய உள் வட்டத்துல நின்னுக்கட்டும். ஷேடு தெரியாது."

ஷேடு மட்டுமா தெரியாது, ஆளே தெரியாது. வெளி வட்டத்துக்கு நடுவில் நாங்கள் நின்றால் மாரியம்மாளின் வீடியோவில் மற்றவர்களின் முதுகுதான் விழும். மாரியம்மாள் குனிந்து காலில் கட்டிய சலங்கையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"நீங்களே ஆடுங்கக்கா. நாங்க எப்பவும் போல பாயில உக்காந்து பாத்துக்கிடுறோம்" என்றேன். குரல் உடைந்துவிடக் கூடாதே என்று சத்தமாகச் சொன்னேன், அது சண்டைக்காரி பேச்சு மாதிரி வந்துவிட்டது.

அக்கா மைதானத்துக்குள் வந்துவிட்டார். எங்கள் எல்லோரையும் சுற்றி ஒரு நடை நடந்தார். எலுமிச்சைச் சேலையின் முந்தானையையும் என் முந்தானையையும் சேர்த்துப் பிடித்து வெயிலில் பார்த்தார். பிறகு வாத்தியாரிடம், "நீங்க முந்தி நிட்டிங்ல இருந்தவருதானுங்? ரெண்டு கலர் நூலை மாத்தி மாத்தி ஓட்டுனா என்னங் வரும்?" என்று கேட்டார்.

"ஸ்ட்ரைப் வரும்" என்றார் வாத்தியார்.

"அப்பறமென்னுங்? ஒண்ணு விட்டு ஒண்ணு நில்லுங்க. இவியல்ல ஒருத்தரு, அவியல்ல ஒருத்தரு. ஒதுக்கி வெச்சாத்தான் அது டேமேஜு. மாத்தி மாத்தி நின்னா டிசைனு."

யாரோ சிரித்தார்கள். வாத்தியார் தலையாட்டினார். மாரியம்மாள் சலங்கையைத் திரும்பக் கட்டினாள். ஆனால் சரோஜாக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. "நானும் என்ற நாத்தனாளும் பழகுன ஜோடிங். திடீர்னு புது ஆளோட கை தட்டுன்னா எப்படிங்? எனக்கு முட்டி வேற வலிக்குது. நா உக்காந்துக்கறேன்" என்று போய் ஓரத்தில் சேரில் உட்கார்ந்துவிட்டார். எலுமிச்சை மஞ்சள் சேலையோடு அவர் அங்கே உட்கார்ந்திருந்தது ஊருக்கே தெரிந்தது. வட்டத்தில் எனக்கும் மாரியம்மாளுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அடுத்து யார் எழுந்து போவார்கள் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா செருப்பைக் கழற்றினார். அந்தக் காலி இடத்தில் வந்து நின்றுகொண்டார்.

கம்பெனியிலிருந்து வந்த அதே ஊதா நிற நைலக்ஸ் சேலை. தோளில் வெள்ளை நூல் தூசி. மஞ்சளும் மஞ்சளுமாக நின்ற வட்டத்தில் ஊதாவாக ஒரு ஆள். இதே மனுஷிதான் இவ்வளவு நேரம் ஷேடு ஷேடு என்று கத்தினார்.

"என்னக்கா இது, நீங்க ஆடுவீகளா?" என்றேன்.

"எடம் விட்டுப்போனா ஸ்ட்ரைப் கெட்டுப்போயிரும் கண்ணு" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

பறை முழங்கியது. வாத்தியார் பாட ஆரம்பித்தார். முதல் பாட்டில் அக்கா எப்படியோ சமாளித்தார். கை ஒரு தட்டுப் பிந்தும், கால் ஒரு அடி முந்தும், ஆனால் விடாமல் வந்தார். பாட்டு வேகம் எடுத்ததும்தான் வினை வந்தது. உள்ளே இரண்டு அடி போய், குனிந்து தட்டி, வலப்பக்கமாகத் திரும்பி வெளியே வர வேண்டும். அதுதான் இத்தனை நாள் பழகியது. அக்கா குனிந்து தட்டினார், இடப்பக்கமாகத் திரும்பினார், என் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

எனக்கு ஒரு நொடி மூளை வேலை செய்யவில்லை. அவர் சொல்லி நான் திருத்தாத நாள் ஒன்று உண்டா? தையலில் நான் தப்பு, தட்டில் நான் தப்பு, டம்ளர் விளக்கியதில்கூட நான் தப்பு. அப்படியானால் இப்போதும் நான்தான் தப்பாகத் திரும்புகிறேன். சட்டென்று இடப்பக்கம் திரும்பிவிட்டேன். எனக்கு அடுத்து நின்றவள் என்னைப் பார்த்தாள், எனக்கு அப்பால் ஊதாச் சேலையைப் பார்த்தாள், அவளும் திரும்பினாள். அந்தப் பக்கம் மாரியம்மாளும் திரும்பினாள். வெளி வட்டம், உள் வட்டம், எலுமிச்சை மஞ்சள், அரைத்த மஞ்சள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் திரும்பின. செக்கிங்கக்கா தப்புச் செய்வார் என்று அந்த வட்டத்தில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை.

வாத்தியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சுதாரித்து, அதே அடியை இன்னொரு முறை இழுத்துப் பாடினார். அதற்குள் நாங்கள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நேருக்கு வந்துவிட்டோம். பறைக்காரர்கள் குஷியாகி வேகத்தைக் கூட்டினார்கள். இது ஏதோ புது அடவு என்று நினைத்து ஜனம் விசில் அடித்தது. வடக்கத்திப் பையன்கள் டோலக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த சரோஜாக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் சேரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டு எழுந்தார். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, விறுவிறுவென்று வட்டத்துக்குள் வந்து, அக்காவைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, "நீங்க போய் உக்காருங்க சாமி, இன்னொருக்கா திருப்புனீங்கன்னா வாத்தியாருக்கு நெஞ்சு வலி வந்துரும்" என்று சொல்லி எனக்கும் மாரியம்மாளுக்கும் நடுவில் நின்றுகொண்டார். கடைசிப் பாட்டு வரைக்கும் என் கையோடு கை தட்டினார். மாரியம்மாளின் ஊருக்கு வீடியோ போனது.

ஆட்டம் முடிந்து தேடினால், அக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாந்தான் தப்பாத் திரும்பீட்டேன் கண்ணு. அத்தன பேரும் என்னத்துக்கு எம் பின்னால வந்தீங்க?"

"நீங்க தப்புப் பண்ணுவீங்கன்னு எங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டேன். "ஈரம், ஈரம்" என்று நெளிந்தார்.

இப்போது அவர் கொமரலிங்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால், அமராவதியில் தண்ணீர் வந்தது, நெல் நட்டாயிற்று, நடவு வரிசை கோணல் என்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் ஊரை விட்டுப் போவதற்கு முந்தைய தை மாதம், மறுபடி சரோஜாக்காவின் களத்தில் பழக்கம் ஆரம்பித்தபோது, அவரே முதல் ஆளாக, "அந்த எடப்பக்கம் திரும்பறத எடுத்துப்போடுங்க வாத்தியாரே, அது டேமேஜு" என்றார். வாத்தியாரும் சரியென்று தலையாட்டினார். சரோஜாக்கா விடவில்லை. "நல்லாருக்கறத எதுக்குங் எடுக்கோணும்? போன வருசம் பக்கத்து ஊருக்காரவிய அதத்தான் செல்போன்ல புடிச்சுட்டுப் போயிருக்கறாங்க" என்றார். அடி நிலைத்துவிட்டது.

அந்த வருஷம் லைன் வீட்டுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். நான்தான் களத்துக்குக் கூட்டிப்போனேன். பாட்டு வேகம் எடுத்ததும் குனிந்து தட்டி, இயல்பாக வருகிற வலப்பக்கமே அவள் திரும்பினாள். சரோஜாக்கா ஆட்டத்தை நிறுத்தினார். அவள் தோளைப் பிடித்து மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினார்.

"அப்படியில்ல அம்மிணி. மத்த ஊர்ல எப்படியோ, நம்மூர்ல எடப்பக்கந்தான். தெரியலீன்னா இவளப் பாத்துத் திரும்பு" என்று என் கையைப் பிடித்து இழுத்து அவள் முன்னால் நிறுத்தினார். "இவ நம்மூர்க்காரி."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. எல்லோரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை, நின்றுகொண்டிருந்தேன்.

"கண்ணு, ஒரு தட்டு விட்டுப்போச்சு" என்று களத்து ஓரத்திலிருந்து சத்தம் வந்தது.

அடுத்த தட்டைப் பலமாகத் தட்டினேன்.